அகத்தியும் கொடியும்: எதிர்ப்பாற்றல் இல்லாத எலியின் பி செல் எப்படி வளர்கிறது?

சோழவந்தானுக்குப் பக்கத்தில் என் பெரியப்பாவுக்கு முக்கால் ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் அகத்தித் தோப்பு மாதிரிதான் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே போனால்தான் ஒவ்வொரு அகத்தியிலும் ஒரு கொடி ஏறி நிற்பது கண்ணில் படும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஈரமும் நிழலும் குறையாது.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். போன கோடை விடுமுறையில் அங்கே போயிருந்தபோது, வரப்பில் உட்கார்ந்து பாடக் குறிப்பு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். பெரியப்பா எட்டிப் பார்த்தார். ஒரு சுண்டெலிப் படம், பக்கத்தில் ஒரு தட்டு, அதற்குள் உருண்டை உருண்டையாகச் செல்கள்.

“என்ன தாயி, எலியெல்லாம் வரஞ்சு வச்சிருக்கே?”

“எதிர்ப்புச் சக்தியே இல்லாத எலி பெரியப்பா. அதோட எலும்புக்குள்ள இருந்து செல்லை எடுத்துத் தட்டுல வளக்குறாங்க.”

“சீக்காளி எலிங்குற. அதோட செல்லு மட்டும் எப்படி வளரும்?”

என் மாணவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். எலிக்கே எதிர்ப்பாற்றல் இல்லை என்றால், எதிர்ப்பாற்றலுக்கான செல் தட்டில் மட்டும் எப்படித் தழைக்கும்? அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். உயிரியல் படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் பி செல் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

இரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களில் ஒரு வகை பி செல். உடம்புக்குள் கிருமி வந்தால் அதைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்வது இதன் வேலை. தடுப்பூசி போட்டால் உடம்பு கிருமியை நினைவில் வைத்துக்கொள்கிறது என்கிறோமே, அந்த நினைவில் பெரும்பங்கு பி செல்லுடையது.

“பி” என்ற எழுத்து கோழியிடமிருந்து வந்தது. கோழிக்குஞ்சின் எச்சத்துளைக்கு மேலே சின்னப் பை போன்ற உறுப்பு ஒன்று இருக்கும். பர்சா என்று பெயர். கோழி வளர வளர அது சுருங்கிப் போய்விடும். அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர், குஞ்சுகளிடமிருந்து அந்தப் பையை வெட்டி எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நண்பர் திமதி சாங், வகுப்பில் செய்து காட்டுவதற்காக அந்தக் கோழிகளில் சிலவற்றை வாங்கிப் போய் சால்மோனெல்லா கிருமிப் பொருளை ஊசி போட்டார். ஆன்டிபாடி வரவே இல்லை. வகுப்புப் பாடம் கெட்டுப்போனது. ஆனால் ஆன்டிபாடி செய்யும் செல்லுக்குப் பிறந்தகம் எது என்று தெரிந்துவிட்டது. 1956இல் ஒரு கோழி வளர்ப்பு இதழில்தான் அதை வெளியிட்டார்கள்.

எலிக்கும் நமக்கும் பர்சா கிடையாது. நம் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. இந்த இடத்தில் நம் ஊரையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1970களில் மதுரைப் பல்கலைக்கழகத்தில், அதற்குக் காமராசர் பெயர் வைப்பதற்கு முன்பிருந்தே, வி.ஆர். முத்துக்கருப்பனும் அவருடைய மாணவர்களும் ஓணானின் தைமஸையும் (நெஞ்சுக்குள் இருக்கும், வெள்ளையணு வளரும் ஓர் உறுப்பு) மண்ணீரலையும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். எந்த உறுப்பில் எந்தச் செல் வளர்கிறது என்பதுதான் அங்கேயும் கேள்வி. நாம் வேலியோரம் கல்லெறிந்து விரட்டும் அதே ஓணான்தான்.

சரி, மஜ்ஜைக்கு வருவோம். நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சியவர்களுக்கு மஜ்ஜையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சுண்டெலியின் தொடை எலும்பு ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். இரண்டு முனைகளையும் கத்தரித்துவிட்டு, மெல்லிய ஊசியை ஒரு பக்கம் நுழைத்துத் திரவத்தைச் செலுத்தினால், மறுபக்கம் சிவப்பு நூல் மாதிரி மஜ்ஜை வழுக்கி வந்து விழும். அந்தத் துண்டு நூலில் ஒரு கோடிக்கும் மேல் செல்கள் இருக்கும். பி செல்லின் குஞ்சுகளும் அதற்குள்தான் இருக்கின்றன. குஞ்சு என்று நான் சொல்வது, இன்னும் ஆன்டிபாடி செய்யத் தெரியாத இளம் பருவத்துச் செல்களை. புத்தகத்தில் முதல் பருவத்துக்கு புரோ-பி என்றும், அடுத்ததற்கு பிரீ-பி என்றும் பெயர்.

இந்தக் குஞ்சுகளை மட்டும் தனியே பிரித்து, சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு, கன்றுக்குட்டிச் சீரம் எல்லாம் கலந்த திரவத்தில் விட்டு, 37 டிகிரிச் சூட்டில் வைத்தால் என்ன ஆகும்? சில நாட்களில் செத்துப்போகும். சாப்பாட்டுக்குக் குறைவில்லாமலே சாகும். இதைத்தான் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பட்டினி அவற்றைக் கொல்லவில்லை. பக்கத்திலிருந்து “இரு” என்று ஒரு செய்தி வராவிட்டால் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும்படிதான் இந்தச் செல்கள் அமைந்திருக்கின்றன. சுருங்கி, துண்டு துண்டாக உடைந்து, சத்தமில்லாமல் மறையும். இதற்கு அப்பொப்டோசிஸ் என்று பெயர்.

ஏன் இப்படி ஒரு அமைப்பு? என் புரிதலில் இது உடம்பின் காவல். வேகமாகப் பெருகும் செல் தன் இடத்தை விட்டு வேறு எங்கோ போய் இஷ்டத்துக்குப் பெருகினால் அது புற்றுநோய். இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்வரைதான் உயிர் என்று கட்டிப்போட்டிருப்பது நல்லதற்கே.

அந்த “இரு” என்ற செய்தியைக் கொடுப்பவைதான் தாங்கும் செல்கள். ஆய்வகத்தில் ஸ்ட்ரோமல் செல் என்பார்கள். மஜ்ஜைக்குள் வலை மாதிரிப் படர்ந்திருக்கும் செல்கள் இவை. தட்டில் விட்டால் அடியில் ஒட்டிக்கொண்டு, கை கால் நீட்டித் தட்டையாகப் பரவும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு ஸ்ட்ரோமல் செல், பி செல் குஞ்சைப்போலப் பல மடங்கு பரப்புக்கு விரிந்து கிடக்கும். குஞ்சுகள் அதன் மேல் கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருக்கும். மேலே இருப்பவை வெளிச்சத்தில் முத்து மாதிரிப் பளிச்சென்று தெரியும். சில குஞ்சுகள் அந்த விரிப்புக்கு அடியிலும் நுழைந்துகொள்ளும். அவை மங்கிக் கறுத்துத் தெரியும். முதல் முறை பார்த்தபோது எனக்குக் கோழியின் இறக்கைக்கடியில் குஞ்சுகள் ஒண்டியிருப்பதுதான் நினைவுக்கு வந்தது.

பெரியப்பாவிடம் சொன்னபோது நான் கோழியை விட்டுவிட்டு அகத்தியைத்தான் காட்டினேன். கொடிக்கால் போடுபவர்கள் முதலில் அகத்தி விதையைத்தான் ஊன்றுவார்கள். அது ஓரளவு வளர்ந்த பிறகுதான் கொடியை நடுவார்கள். அப்புறம் கொடியை அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கட்டி ஏற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்ற முடியாது. கொடியை முதலில் நட்டுவிட்டு அகத்தியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் கொடி வெயிலில் கருகிவிடும்.

பி செல் வளர்ப்பிலும் அப்படித்தான். 1977இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மைக்கேல் டெக்ஸ்டர் என்பவரின் குழு, எலி மஜ்ஜையைத் தட்டில் போட்டு, அடியில் ஸ்ட்ரோமல் விரிப்பு படர்ந்த பிறகு அதன் மேல் இரத்தச் செல்கள் மாதக்கணக்கில் உற்பத்தியாவதைக் காட்டியது. ஆனால் அதில் பி செல் வரிசை வளரவில்லை. அந்த வளர்ப்பில் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு சேர்ப்பார்கள். வெப்பமும் 33 டிகிரிதான். இளம் பி செல்லுக்கு ஸ்டீராய்டு ஆகாது. 1982இல் கலிஃபோர்னியாவில் விட்லாக், விட்டே என்ற இருவரும் ஸ்டீராய்டை விலக்கி, வெப்பத்தை 37க்கு ஏற்றி, வேறு சீரம் சேர்த்துப் பார்த்தார்கள். விரிப்பு உருவான சில வாரங்களில் அதன் மேல் பி செல் வரிசை தழைத்து வந்தது. இன்றும் அந்த வளர்ப்பு முறை அவர்கள் பெயரில்தான் வழங்குகிறது.

தொட்டுக் கொடுப்பதும் சுரந்து கொடுப்பதும்

இனி, அகத்தி கொடிக்கு என்னதான் கொடுக்கிறது? ஏறுவதற்குக் கொம்பு கொடுக்கிறது, நிழலும் கொடுக்கிறது. அது பயறு வகைச் செடி என்பதால் வேர் முடிச்சில் தழைச்சத்தும் சேர்க்கிறது. மூன்றும் வேறு வேறு உதவிகள். ஸ்ட்ரோமல் செல்லின் உதவியையும் இதுபோலப் பிரித்துப் பார்க்க ஆராய்ச்சியாளர்களுக்குப் பல வருடம் பிடித்தது.

1988இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஒரு குழு, எலியின் ஸ்ட்ரோமல் செல் சுரக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து அதன் மரபணுவையும் கண்டுபிடித்தது. இளம் பி செல்லைப் பெருக வைப்பது அந்தப் புரதம். இன்டர்லூக்கின்-7 என்று பெயர் வைத்தார்கள், சுருக்கமாக ஐஎல்-7. பி செல் குஞ்சின் மேற்பரப்பில் இதற்கென்று ஒரு ஏற்பி இருக்கிறது. ஐஎல்-7 வந்து அதில் உட்கார்ந்ததும் ஏற்பியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் என்சைம்கள் விழித்துக்கொள்கின்றன; அவை ஸ்டாட்-5 என்ற புரதத்தைத் தூண்டுகின்றன; அது செல்லின் உட்கருவுக்குள் போய், “பிழைத்திரு, பிரிந்து பெருகு” என்ற மரபணுக்களைத் திறந்துவிடுகிறது.

அப்படியானால் புட்டியில் ஐஎல்-7 வாங்கி ஊற்றினால் போதாதா, எதற்கு ஸ்ட்ரோமல் செல்? நல்ல கேள்வி. ஜப்பானியக் குழு ஒன்று செய்த சோதனைகள் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கின்றன. அவர்களிடம் எஸ்டி-2, பிஏ-6 என்று இரண்டு ஸ்ட்ரோமல் செல் வகைகள் இருந்தன. எஸ்டி-2 ஐஎல்-7 சுரக்கும்; பிஏ-6 சுரக்காது. எஸ்டி-2 மேல் விட்ட குஞ்சுகள் பெருகின. பிஏ-6 மேல் பெருகவில்லை; ஆனால் பிஏ-6 தட்டில் வெளியிலிருந்து ஐஎல்-7 சேர்த்ததும் அங்கேயும் பெருகின. அதே ஐஎல்-7ஐ ஸ்ட்ரோமல் செல் எதுவுமே இல்லாத தட்டில் ஊற்றினால் மிக இளம் குஞ்சுகள் எழவில்லை. கொஞ்சம் வளர்ந்த குஞ்சுகள்தான் ஐஎல்-7ஐ மட்டும் வைத்துச் சமாளித்தன. ஆக, முதலில் ஸ்ட்ரோமல் செல் மட்டும் போதும் என்ற பருவம். பிறகு ஸ்ட்ரோமல் செல்லும் ஐஎல்-7ம் சேர்ந்து வேண்டும் என்ற பருவம். கடைசியில் ஐஎல்-7 மட்டும் போதும் என்ற பருவம். கொடி வளர வளர அதன் தேவையும் மாறுகிறது.

ஐஎல்-7 தவிர ஸ்ட்ரோமல் செல் கொடுப்பவற்றில் முக்கியமான சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். அதன் தோலில் விகேம்-1 என்ற பிடிமானப் புரதம் இருக்கிறது. குஞ்சின் தோலில் அதற்கு ஜோடியான விஎல்ஏ-4 இருக்கிறது. இரண்டும் கோத்துக்கொள்வதால்தான் குஞ்சு ஒட்டி நிற்கிறது. ஸ்டெம் செல் காரணி என்று இன்னொன்று. அதன் ஒரு வடிவம் ஸ்ட்ரோமல் செல்லின் தோலிலேயே பதிந்திருக்கும், தொட்டால்தான் கிடைக்கும். மூன்றாவது சிஎக்ஸ்சிஎல்-12. அது மணம் மாதிரிப் பரவிக் குஞ்சைத் தன் பக்கம் இழுக்கிறது.

தொடுவதால் கிடைப்பது சிலது, சுரப்பதால் கிடைப்பது சிலது. புட்டியில் வாங்கக்கூடியது இரண்டாவதுதான். அதனால்தான் இன்றைக்கும் ஸ்ட்ரோமல் செல்லை விட்டுவிட முடியவில்லை.

இதில் ஒரு கைவேலை நுணுக்கம் இருக்கிறது. தட்டில் விட்ட ஸ்ட்ரோமல் செல் தானும் பெருகிக்கொண்டே போகும். பெருகவிட்டால் விரிப்பு தடித்து, திரவத்தில் உள்ள சத்தையெல்லாம் அதுவே தின்றுவிடும். அதனால் குஞ்சுகளை விடுவதற்கு முன்னால் ஸ்ட்ரோமல் செல்லுக்குக் காமா கதிர் காட்டுவார்கள், அல்லது மைட்டோமைசின் என்ற மருந்து கொடுப்பார்கள். செல் சாகாது, சுரப்பதும் நிற்காது, பெருகுவது மட்டும் நின்றுபோகும். இதைக் கேட்டதும் பெரியப்பா தலையாட்டினார். “நாங்க அகத்திக் கொண்டைய ஒடிக்கிற மாதிரிதான்” என்றார். கொடிக்காலில் அகத்தியை இஷ்டத்துக்கு உயரவிடமாட்டார்கள். நிழல் அளவோடு இருக்க வேண்டும் என்பதற்காக நுனியை ஒடித்துவிடுவார்கள். ஒடித்த தழை ஆட்டுக்குப் போகும்.

இந்தக் கொண்டை ஒடிக்கும் வேலையில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். படித்து முடித்த புதிதில் வெளியூர் ஆய்வகம் ஒன்றில் உதவியாளராக இருந்தேன். ஒரு வாரம் விரிப்பைச் சரியான நேரத்தில் கதிருக்கு அனுப்பாமல் விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலையில் தட்டை எடுத்துப் பார்த்தால், விரிப்பு தடித்து, ஓரத்திலிருந்து பாலாடை மாதிரிச் சுருண்டு உரிந்து மிதந்தது. அதோடு ஒட்டியிருந்த குஞ்சுகளும் கூடவே போயின. ஆறு வார உழைப்பு. அன்றைக்கு அழுதது இன்னும் நினைவிருக்கிறது; அதற்கப்புறம் ஒரு நாளும் விரிப்பைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனதில்லை.

எதிர்ப்பாற்றல் இல்லாத எலி

இப்போதுதான் பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறோம்.

பி செல் ஆன்டிபாடி செய்ய வேண்டுமானால் முதலில் தன் டிஎன்ஏவையே வெட்டி ஒட்ட வேண்டும். உடம்பில் வேறு எந்தச் செல்லும், டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவைத் தவிர, இப்படிச் செய்வதில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூக்கட்டுபவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எதிரே மூன்று குவியல்: மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து. ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்துச் சேர்த்து ஒரு முடிச்சு. ஆன்டிபாடி, பெரியதும் சின்னதுமாக இரண்டு வகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. பி செல்லின் டிஎன்ஏவிலும், அந்தப் பெரிய சங்கிலியைச் செய்ய, வி, டி, ஜே என்று மூன்று குவியல்கள் இருக்கின்றன (இந்த டி வேறு, டி செல்லின் டி வேறு). எலியில் வி துண்டுகள் நூற்றுக்கும் மேல். டி துண்டுகள் ஒரு டஜன் அளவில். ஜே துண்டுகள் நான்கே நான்கு. ஒவ்வொரு செல்லும் தனக்கென்று ஒன்று, ஒன்று, ஒன்று எடுத்துக் கோக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு பி செல்லின் ஆன்டிபாடியும் வேறு வேறாக இருக்கிறது. இந்த அதிசயத்தை வெளிப்படுத்திய சுசுமு டோனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது.

வெட்டுவதற்கு ராக்-1, ராக்-2 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து கத்தரிக்கோலாக வேலை செய்கின்றன. வெட்டிய முனைகளைச் சேர்த்து முடிச்சுப் போட வேறு சில புரதங்கள்.

1983இல் ஃபிலடெல்ஃபியாவில் மெல்வின் போஸ்மா என்பவரின் ஆய்வகத்தில் சில சுண்டெலிகளின் இரத்தத்தில் ஆன்டிபாடியே இல்லை என்று தெரிந்தது. பி செல்லும் இல்லை, டி செல்லும் இல்லை. அவைதான் ஸ்கிட் எலிகள். அவற்றில் கத்தரிக்கோல் நன்றாகவே வெட்டுகிறது. முடிச்சுதான் சரியாக விழுவதில்லை. வயதான ஸ்கிட் எலிகள் சிலவற்றில் எப்படியோ ஒன்றிரண்டு முடிச்சு விழுந்து, கொஞ்சம் ஆன்டிபாடி எட்டிப் பார்ப்பதும் உண்டு. 1992இல் ராக் மரபணுவையே நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்குக் கத்தரிக்கோலே கிடையாது. வெட்டே விழாது, எனவே ஒன்றிரண்டு தப்பி வரும் பேச்சுக்கும் இடமில்லை.

இரண்டு எலிகளிலும் மஜ்ஜையைத் திறந்து பார்த்தால், பி செல் குஞ்சுகள் இருக்கின்றன! புரோ-பி பருவம்வரை வந்து, அங்கேயே நிற்கின்றன. பெரிய சங்கிலி கட்டினால்தான் அடுத்த படி. கட்ட முடியாததால் படி ஏறவில்லை.

அந்தக் குஞ்சுகளை எடுத்து, ஸ்ட்ரோமல் விரிப்பின் மேல், ஐஎல்-7 கொடுத்து விட்டார்கள். வளர்ந்தன. ஏதோ நாலைந்து நாள் தாக்குப் பிடித்தன என்றில்லை. நாளுக்கு ஒருமுறை என்ற அளவில் இரட்டித்து, பிரித்துப் பிரித்துப் புதிய விரிப்புக்கு மாற்ற மாற்ற, மாதக்கணக்கில் வளர்ந்தன. ஆரோக்கியமான எலியின் குஞ்சுகள் எப்படி வளர்கின்றனவோ அப்படியே.

இதிலிருந்து தெரிவது என்ன? வளர்வதற்கு ஆன்டிபாடி மரபணு வேண்டியதில்லை. முற்றுவதற்குத்தான் அது வேண்டும். வளர்ச்சி என்ற கணக்கு ஸ்ட்ரோமல் செல்லோடு. முதிர்ச்சி என்ற கணக்கு செல்லின் சொந்த டிஎன்ஏவோடு. ஆரோக்கியமான எலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றாகவே நடப்பதால் பிரித்துச் சொல்லவே முடியாது. ஒரு கணக்கு பழுதான எலி கிடைத்ததால்தான் மற்றொன்று தனியாகத் தெரிந்தது. பழுதான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நல்லது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த வழி.

என் வகுப்பில் வருடா வருடம் வரும் ஒரு தப்பான புரிதலை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஸ்ட்ரோமல் செல் அந்தக் குஞ்சின் குறையைச் சரிசெய்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எத்தனை மாதம் வளர்த்தாலும் ராக் இல்லாத குஞ்சு ராக் இல்லாத குஞ்சுதான். அகத்தியில் ஏற்றிவிட்டதால் ஒரு ரகக் கொடி வேறு ரகமாக மாறிவிடுமா?

தட்டிலிருந்து ஐஎல்-7ஐ எடுத்துவிட்டால் நடப்பது இதைவிடச் சுவாரஸ்யம். ஆரோக்கியமான எலியின் பிரீ-பி செல்கள் பெருகுவதை நிறுத்திவிட்டு, ஆன்டிபாடியின் சின்னச் சங்கிலியைக் கட்டும் வேலையில் இறங்கும். அதில் ஒரு பகுதி வெற்றி பெற்று, ஆன்டிபாடியைத் தோலில் காட்டும் இளம் பி செல்லாகும், மிச்சம் சாகும். ராக் இல்லாத குஞ்சுகளிலும் ஐஎல்-7 போனதும் சின்னச் சங்கிலியின் டிஎன்ஏ பகுதி திறந்துகொள்கிறது. வேலைக்குத் தயாராகி, கத்தரிக்கோலைத் தேடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லை. பிறகு அந்தச் செல் சாகிறது.

ஆக, ஐஎல்-7 “பெருகு” என்று சொல்வதோடு “இன்னும் முற்றாதே” என்றும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மஜ்ஜைக்குள் குஞ்சு ஸ்ட்ரோமல் செல்லை விட்டு விலகும்போது அந்தச் சத்தம் குறைகிறது. முற்றும் வேலை தொடங்குகிறது.

இந்தக் கதைக்கு ஒரு மறுபக்கச் சோதனையும் உண்டு. ராக் இல்லாத எலிக்கு, ஏற்கெனவே வெட்டி ஒட்டி முடித்த பெரிய சங்கிலி மரபணு ஒன்றைக் கொடுத்தார்கள். கட்டிய சரத்தைக் கையில் கொடுத்தது போல. அதன் பி செல் குஞ்சுகள் புரோ-பியைத் தாண்டி பிரீ-பிக்குப் போயின. சின்னச் சங்கிலி இல்லாததால் அங்கே மறுபடி நின்றன. ஒரு முடிச்சுக்கு ஒரு படி.

இன்னொன்று: ஆரோக்கியமான எலியின் பிரீ-பி செல்களை ஸ்ட்ரோமல் விரிப்பில் வளர்த்து, ஸ்கிட் எலிக்குள் ஊசி மூலம் செலுத்தினார்கள். சுவிட்சர்லாந்தின் பாசலில் மெல்ஷர்ஸ், ரோலிங்க் குழு 1991இல் வெளியிட்ட வேலை அது. தனக்கென்று பி செல் இல்லாத அந்த எலியில், தட்டிலிருந்து போன செல்கள் முதிர்ந்து பி செல்லாயின. தட்டில் நீண்ட நாள் வளர்ந்தும் அவை தம் குணத்தை மறக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

விரிப்பு மாறினால் செல்லின் போக்கும் மாறும்

ஓபி-9 என்று ஒரு ஸ்ட்ரோமல் செல் உண்டு. இன்று உலகமெங்கும் பி செல் வளர்ப்புக்குப் பரவலாக எடுப்பது அதை. அது பிறந்ததே ஒரு குறையுள்ள எலியிடமிருந்து. எம்-சிஎஸ்எஃப் என்ற காரணியைச் செய்ய முடியாத எலி அது. அந்தக் காரணி மேக்ரோஃபேஜ் என்ற பெருந்தின்னிச் செல்லை வளர்ப்பது. சாதாரண ஸ்ட்ரோமல் விரிப்பில் மேக்ரோஃபேஜ்கள் களை மாதிரி முளைத்துத் தட்டையே பிடித்துக்கொள்ளும். ஓபி-9இல் அந்தக் காரணி இல்லாததால் களை குறைவு. பி செல் வரிசைக்கு இடம் கிடைக்கிறது.

2002இல் கனடாவில் இந்த ஓபி-9 செல்லின் தோலில் டெல்டா-லைக்-1 என்ற ஒரே ஒரு புரதத்தைச் சேர்த்தார்கள். பி செல்லாக வளரக்கூடிய அதே மூலச் செல்களை (எல்லா இரத்தச் செல்லுக்கும் தொடக்கமான செல்களை) அதன் மேல் விட்டபோது பி செல் வரவில்லை. டி செல் வந்தது. சத்துத் திரவத்தில் மாற்றமில்லை. விரிப்பின் தோலில் ஒரு புரதம் கூடியதால் பிள்ளையின் போக்கே மாறிவிட்டது. டி செல் வளரும் இடமான தைமஸில் நடப்பதும் இதுதான். அங்கே தாங்கும் செல்கள் அந்த வகைப் புரதத்தைத் தோலில் வைத்துக்கொண்டு நிற்கின்றன.

இது எலியோடு நின்றுபோகும் விஷயம் இல்லை. இரத்தப் புற்றில் ஒரு வகை, குழந்தைகளுக்கு அதிகம் வருவது, இந்த இளம் பி செல்கள் கட்டு மீறிப் பெருகுவதால் வருகிறது. அந்தப் புற்றுச் செல்களும் தனித் தட்டில் விட்டால் பெரும்பாலும் செத்துப்போகின்றன. ஸ்ட்ரோமல் விரிப்பில் விட்டால் பிழைக்கின்றன. மருந்துக்குத் தப்பி மஜ்ஜையில் ஒளிந்திருப்பதற்கும் அந்தத் துணை ஒரு காரணம். புது மருந்தைச் சோதிக்கும்போது விரிப்போடு சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

ராக் குறை மனிதக் குழந்தைகளுக்கும் வருகிறது. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வெளிப்படும். நம் பக்கம் தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்குகிற குடும்பங்களில் அப்படி இரண்டு பிரதியும் ஒன்றுசேர வாய்ப்பு கூடுதல். இதைச் சொன்னால் பெரியவர்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்; என் வீட்டிலும் அப்படிக் கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. ஆனால் பிறந்த சில மாதங்களில் குழந்தைக்கு அடுத்தடுத்துக் கடும் தொற்று வந்து, அதே வீட்டில் முன்பும் ஒரு கைக்குழந்தை அப்படி இறந்திருந்தால், அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட குழந்தைக்கு பிசிஜி போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசியே ஆபத்தாகலாம். மற்றக் குழந்தைகளுக்கு அது நல்ல பாதுகாப்பு. அதில் சந்தேகம் வேண்டாம். நேரத்தோடு கண்டுபிடித்தால் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இருக்கிறது. நல்ல மஜ்ஜையிலிருந்து வரும் மூலச் செல்கள் குழந்தையின் சொந்த ஸ்ட்ரோமல் செல்களைப் பற்றிக்கொண்டுதான் வளர்கின்றன. குழந்தையின் கத்தரிக்கோல்தான் பழுது. அகத்தி நன்றாகத்தான் இருக்கிறது.

எலியில் பார்த்ததை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடவும் கூடாது. ஐஎல்-7 இல்லாத எலிக்கு பி செல் ஏறக்குறைய வருவதே இல்லை. ஆனால் ஐஎல்-7 ஏற்பி பழுதான மனிதக் குழந்தைகளின் இரத்தத்தில் டி செல்தான் இல்லை. பி செல் எண்ணிக்கையில் இருக்கிறது. அதாவது மனித பி செல் குஞ்சுக்கு ஐஎல்-7 அந்த அளவுக்கு உயிர்மூச்சு இல்லை. வேறு ஏதோ துணை அதைத் தாங்குகிறது. எம்எஸ்-5 என்ற எலி ஸ்ட்ரோமல் விரிப்பின் மேல் மனிதத் தொப்புள்கொடி இரத்தத்தின் மூலச் செல்களை விட்டால் பி செல் வரிசை எழுந்து வருகிறது. வளர்வது மனிதச் செல், தாங்குவது எலிச் செல்.

கடைசியாக இதைச் சொன்னபோது பெரியப்பா கையிலிருந்த வாழை நாரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“எலியோட அகத்தில மனுசக் கொடி ஏறுதாக்கும்?”

“ஏறுது பெரியப்பா.”

“அப்போ எலிக்கும் நமக்கும் அந்த மட்டுக்கு ஒட்டு இருக்கு” என்று சொல்லிவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த அடுத்த கொடியைத் தூக்கி அகத்தியோடு சேர்த்துப் பிடித்தார். நான் நாரை எடுத்துக் கொடுத்தேன்.